பேர் வெட்டிய டப்பா

ஜூன் 2, திங்கள்

குளித்து, புடவை கட்டி, கைப்பையை மாட்டி, செருப்புக்குள் காலை விட்ட பிறகுதான் எனக்குப் போக இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலையோடு என் கம்பெனி சென்னைக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. செருப்பைக் கழற்றினேன். புடவையை மாற்ற மனம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து பேப்பரில் வந்திருந்த என் பத்தியை நானே படித்தேன்.

'ஒன்பது முதல் ஆறு' என்று அதற்குப் பெயர். திங்கள்தோறும் வருகிறது. ராம்நகரில் ஒரு மருந்துக்கடை மாடியில் நாலு பேரோடு ஆரம்பித்தவள் நான். பம்ப் கம்பெனிகளுக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் சம்பளக் கணக்கு போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். யார் எப்போது லீவு போடுகிறார்கள், யார் ஏன் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து, சொல்ல நிறைய சேர்ந்துவிட்டது. எழுதினேன். பிறகு எஃப்.எம். ரேடியோவில் வியாழன் காலைகளில் பேசவும் கூப்பிட்டார்கள். இந்த ஊரில் மேனேஜரிடம் திட்டு வாங்கிய பாதிப் பேர் என்னிடம்தான் புலம்பியிருக்கிறார்கள்.

இன்றைய பத்தி போன மாதமே எழுதிக் கொடுத்தது. 'நிறுவனர் விலகினால் முழுதாக விலக வேண்டும். பழைய அலுவலகத்தின் வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது. அப்படிப் போய் நிற்பது புதியவர்களுக்கு இடைஞ்சல், பழையவர்களுக்குச் சங்கடம்.' நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு சின்ன விஷயம். வெள்ளிக்கிழமை கிளம்பும் அவசரத்தில் சாப்பாட்டு டப்பா மாறிவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

கரண்ட் பில் கட்டினேன். மின்விசிறி துடைத்தேன். வீட்டு வேலைக்கு வரும் தனம் அக்கா, சமையல் மேடையில் இருந்த எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.

"இது ஆரோடதுங்? சிவகாமின்னு பேரு வெட்டியிருக்குது."

"ஆபீஸ்ல ஒருத்தரோடது. அவசரத்துல மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்."

"உங்களது ஊதா மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவாச்சுங்களே. எவர்சில்வருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாமயா எடுத்துட்டு வந்தீங்?"

அவசரத்தில் எதுவும் நடக்கும். மாலை போட்டு, போட்டோ எடுத்து, கேக் வெட்டி என்று ஒரே களேபரம்.

ஜூன் 5, வியாழன்

ரேடியோ நிலையத்திலிருந்து திரும்பும்போது கார் தானாக ராம்நகர் பக்கம் திரும்பிவிட்டது. பழக்க தோஷம். சிக்னலிலேயே திருப்பிக்கொண்டு வடவள்ளி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மத்தியானம் பசித்தது, சாப்பிடத்தான் பிடிக்கவில்லை. இந்நேரம் அங்கே டப்பா கலைப்பார்கள்.

அதை இங்கே எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். நாலு பேராக இருந்த காலத்தில் ஒரு பெண் வெறும் மோர்ச்சோறும் ஊறுகாயும் கொண்டுவருவாள். எங்கள் முன்னால் திறக்கக் கூச்சப்பட்டு மாடிப்படியில் உட்கார்ந்து தின்பாள். கணக்குப் பிரிவைப் பார்த்த தெய்வசிகாமணி ஒருநாள் அவள் முன்னால் போய்த் தன் டப்பாவை நீட்டினார். "இன்னிக்கு என்னோடதை நீங்க சாப்புடுங்க. எனக்கு மோர்ச்சோறு தின்னு நெம்ப நாளாச்சு" என்றார். மறுநாளிலிருந்து எல்லா டப்பாவும் மூடியபடியே மேஜை நடுவுக்கு வந்தன. ஒருவர் கண்ணை மூடிக் கலைப்பார். எது உன் முன்னால் வருகிறதோ அதுதான் உன் சாப்பாடு. சாயந்திரம் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது. ஒரு வாழைப்பழம், ஒரு பிடி பொரி, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு துளி சர்க்கரையாவது உள்ளே போட வேண்டும். முப்பது பேரான பிறகும் அதை விடவில்லை.

என் டப்பா யாருக்கு வந்தாலும் முனகல்தான். எனக்குச் சமைக்கத் தெரியாது, மெஸ்ஸில் வாங்கி அடைத்துக்கொண்டு போவேன். முனகாமல் சாப்பிட்டவர் ஒருவர்தான்.

ஜூன் 19, வியாழன்

டப்பாவைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். சிவகாமி என்பது தெய்வசிகாமணி சாரின் மனைவி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தவறிப்போனார். கல்யாணச் சீரில் வந்த பாத்திரம். அதற்குப் பிறகு சாரே சமைத்து அதே டப்பாவில்தான் கொண்டுவருவார். இப்படிப்பட்ட பொருளை நான் வைத்திருப்பது முறையில்லை. கேட்டால் உடனே அனுப்பிவிடுவேன்.

இன்னும் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

புதிய மேனேஜர் நிரஞ்சன் போன் செய்தார். ஒரு பழைய வாடிக்கையாளரின் போனஸ் கணக்கில் சந்தேகமாம். நேரில் வந்து விளக்கட்டுமா என்று கேட்டேன். குரலில் அவசரம் தெரியக் கூடாது என்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம் மேடம். உங்க பத்தியைப் படிச்சோம். முழுசா விலகணும்னு எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க! எங்க டைரக்டர் எல்லாருக்கும் அனுப்பினார். போன்லயே சொல்லிடுங்க, போதும்."

போனிலேயே சொன்னேன். அதோடு நல்ல சேதி என்று இன்னொன்றும் சொன்னார். ஊழியருக்கு மதியச் சாப்பாடு தருவது நிறுவனத்தின் கடமை என்று நான் முன்னொரு காலத்தில் எழுதியிருந்தேனாம். அதைப் பார்த்துக் கேன்டீன் திறந்துவிட்டார்களாம். திங்கள் முதல் யாரும் டப்பா கொண்டுவர வேண்டாமாம். "எல்லாம் உங்க ஐடியாதான் மேடம்."

நன்றி சொல்லி வைத்தேன். எனக்கு யார் மேல் கோபம் என்று புரியவில்லை. எழுதினவளைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

ஜூலை 5, சனி

கலைக்க இனி டப்பா இல்லை. அப்படியானால் அவருக்கும் இந்த டப்பா தேவைப்படாது. அவசரமில்லை.

ஜூலை 21, திங்கள்

ஆனாலும் கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதான். வெறுமனே கொடுக்க முடியாது என்பதால் மைசூர்பா வாங்கி அடைத்தேன். தனம் அக்கா எட்டிப் பார்த்தார்.

"சோறு போட்ட டப்பாவுக்குக் கடைப் பலகாரமா அம்மிணி?"

"வேற என்ன வைக்கறது? எனக்குத்தான் சமைக்கத் தெரியாதே."

"தெரியாட்டிப் பழகறது. வீட்டுல சும்மாதான உக்கோந்திருக்கீங்."

'சும்மாதான்' என்ற சொல் காலையிலிருந்து காதில் நிற்கிறது. மைசூர்பாவை அக்காவின் பேத்திக்குக் கொடுத்துவிட்டு, அரிசிம்பருப்பு வைத்தேன். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், தேங்காய்ச் சில்லு. எல்லாவற்றையும் ஒட்டுக்காகக் குக்கரில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடியில் கரி, நடுவில் கூழ், மேலே அரிசி. ஒரே பாத்திரத்தில் மூன்று பதம். தெய்வசிகாமணி சார் வைப்பது பொலபொலவென்று, நெய் வாசனையோடு இருக்கும். புதன்கிழமை என்றால் கூடவே கொள்ளுப்பருப்பும் இருக்கும். எனக்குக் கொள்ளு பிடிக்கும் என்று ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன்.

குக்கரைச் சுரண்டிக் கழுவினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ரோட்டில் போன குடும்பங்கள் எல்லாம் கட்டுச்சோறு தூக்கிக்கொண்டு பேரூர்ப் பக்கம் போயின. நான் நாலாவது தடவையாக அரிசிம்பருப்பு வைத்தேன். கரி இல்லை, கூழும் இல்லை. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இத்தனை வருஷம் தினமும் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலைத் தின்றிருக்கிறேன். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முறிந்துபோனது. அது தனிக்கதை. அதற்குப் பிறகு வீடு என்று நான் போய்வந்தது அந்த மேஜைக்குத்தான் போலிருக்கிறது. 'அலுவலகம் வீடல்ல, வீடாக்கிக்கொள்ளாதீர்கள்' என்று எத்தனை பேருக்குச் சொன்னேன்!

ஆகஸ்ட் 14, வியாழன்

ரேடியோவில் இன்று பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவர்கள் பழைய மேலதிகாரி ரிட்டயர் ஆகிவிட்டாராம். அவர் இல்லாமல் யாருக்கும் வேலையே ஓடவில்லையாம். ஆயுத பூஜைக்கு அவரைக் கூப்பிடலாமா என்று கேட்டாள்.

"கூப்பிடக் கூடாது. போனவர் போனவர்தான். அவருக்கும் அதுதான் நல்லது" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"அவரு வரணும்னு ஆசைப்பட்டா மேடம்?" என்று கேட்டாள்.

பாட்டுப் போடச் சொல்லிக் கை காட்டினேன். பாட்டு முடியும்வரை ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ரிசப்ஷனில் இருக்கும் பூரணி போன் செய்தாள். ரொம்ப நாள் பேசாமல் இருந்தவள். நானும்தான் பேசவில்லை, என் பத்தியைக் காப்பாற்ற வேண்டுமே.

"கேன்டீன்ல தினமும் சாம்பார் சாதமுங்க மேடம். நாக்கு செத்துப்போச்சுங்க. தெய்வசிகாமணி சார் ஒருத்தருதான் இன்னும் டப்பா கொண்டாறாரு. நம்ம மேஜைய மேல ஸ்டோர் ரூம்ல போட்டுட்டாங்க. அங்க போயித் தனியா உக்கோந்து சாப்புடறாரு."

"எந்த டப்பாவுல?" என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

"பிளாஸ்டிக் டப்பாதானுங்க. ஊதா மூடி போட்டது."

செப்டம்பர் 3, புதன்

ஊதா மூடி டப்பா ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கும்.

செப்டம்பர் 18, வியாழன்

பூரணி மறுபடி பேசினாள். கணக்குப் பிரிவு மொத்தத்தையும் சென்னைக்கு மாற்றுகிறார்கள். வர விருப்பமில்லாதவர்கள் இந்த மாதக் கடைசியோடு விலகலாம். தெய்வசிகாமணி சார் எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பதாம் தேதி கடைசி நாள். மகன் புனேயில் வேலை பார்க்கிறான், அங்கேயே வந்து இருக்கச் சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டானாம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வண்டி.

"மேடம், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"டப்பா கலைக்கறது நாந்தானுங்களே. புதன்கிழமையானா உங்களதை அவரு பக்கமும் அவரோடதை உங்க பக்கமும் தள்ளி விட்டது நாந்தானுங்க. ஆரும் சொல்லலீங்க, எனக்காத் தோணுச்சு. எல்லாத்துக்குந் தெரியுமுங்க."

"எல்லாருக்கும்னா?"

"உங்க ரெண்டு பேரத் தவுத்து எல்லாத்துக்குமுங்க."

அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். புதன்கிழமைகளில் கொள்ளுப்பருப்பு எனக்கே வருவதை என் ராசி என்று நினைத்திருந்தேன். முப்பது பேருக்குச் சம்பளம் கொடுத்தவளுக்கு இவ்வளவுதான் புத்தி.

செப்டம்பர் 19, வெள்ளி

வேலையில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் மனசைக் காட்டக் கூடாது என்று எழுதியவள் நான். அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. மறுத்துச் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரிடம் போய் ஒன்றைக் கேட்பது அழகில்லை. அதனால்தான் ஒரு சொல் பேசாமல் இருந்தேன். பேச ஒன்றும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இப்போது நான் அவருக்கு மேலே இல்லை. பக்கத்திலும் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நாளை மறுநாள் டப்பாவைப் பூரணியிடம் கொடுத்தனுப்பலாம். தனம் அக்காவிடம் கொடுத்தனுப்பலாம். கூரியரில் போடலாம். வழியா இல்லை?

துணி மடித்தேன். துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன். டப்பாவை எடுத்துத் துடைத்து வைத்தேன். ஏற்கெனவே துடைத்ததுதான்.

எனக்கு அவரைப் பார்க்க வேண்டும். எழுதிவிட்டேன். இந்த நாலு மாதமாக ஆபீஸ் ஞாபகம், ஆபீஸ் ஞாபகம் என்று எழுதியதெல்லாம் அவர் ஞாபகம்தான். அவர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கத் தேடுவது, போனில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் "சாப்டாச்சுங்களா" என்று கேட்பது, எல்லாம் வேண்டியிருக்கிறது. டப்பாவும் அன்று தானாக மாறவில்லை. ஆபீஸில் கழுவி வைத்த மேடை மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் பார்த்துத்தான் எடுத்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

இன்றைய பத்தியை அனுப்பவில்லை. ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். சின்ன வெங்காயம் உரித்து வைத்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூஜைக்கு நாளை விடுமுறை என்பதால் ஆபீஸில் இன்றே பூஜை. வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் புது ஆள்.

"ஆரப் பாக்கோணுங்?"

"தெய்வசிகாமணி சாரை."

"என்ன விசயமுங்?"

"டப்பா குடுக்க."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைச் சந்தேகப்படும் வாட்ச்மேன் இந்த ஊரில் இன்னும் வேலைக்கு வரவில்லை. உள்ளே பூரணி என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு, மாடியைக் காட்டினாள். பொரிப் பாக்கெட்டோடு நிரஞ்சன் எதிரே வந்தார்.

"மேடம், நீங்களா? உங்க பத்தியில..."

"பத்தி திங்கக்கிழமை, தம்பி. இன்னிக்குச் செவ்வாய்" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

ஸ்டோர் ரூமில் உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே எங்கள் மேஜை. அதன் ஒரு ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். முன்னால் ஊதா மூடி டப்பா, இன்னும் திறக்காமல் இருந்தது. அது என்னுடையதுதான். மூடியில் நான் போட்ட கீறல் அப்படியே இருந்தது.

எழுந்து நின்றார். "வாங்க மேடம். சாப்டாச்சுங்களா?"

இத்தனை வருஷமாக வாயால் பிழைப்பவள் நான். எவர்சில்வர் டப்பாவை மேஜை மேல் வைத்து அவர் பக்கமாகத் தள்ளினேன். அவர் ஊதா மூடியை என் பக்கம் தள்ளினார். கலைக்க வேறு டப்பா இல்லை.

திறந்தேன். கொள்ளுப்பருப்பு.

"இன்னிக்குச் செவ்வாய்தானுங்களே" என்றேன்.

"புதன்கிழமைக்கு இனி ஆபீஸ் இல்லைன்னு இன்னிக்கே வெச்சுப்போட்டேனுங்க."

அவர் என் அரிசிம்பருப்பை ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிட் நடக்கும்போதுகூட எனக்கு இப்படி வேர்த்ததில்லை.

"ஆரு வெச்சதுங்?"

"நான்தான்."

"உப்புத் தூக்கலுங்க" என்றார். அடுத்த வாயை எடுத்தார். பிறகு டப்பாவைக் காலி செய்தார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அவங்க பேரு வெட்டின டப்பா. இத்தனை நாள் என்கிட்ட வெச்சிருந்திருக்கக் கூடாது. நீங்களும் கேக்கவே இல்லை."

அவர் விரலால் அந்தப் பெயரைத் தடவினார். "சிவகாமி ஆரு வந்தாலும் ஒரு வாய் சோறு போட்டுத்தான் அனுப்புவாளுங்க. டப்பா உங்க வீட்டுல இருக்குதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க எடுக்கறதப் பாத்துட்டுத்தான் இருந்தேன். கேட்டா நீங்க குடுத்துப்போடுவீங்களே, அதான் கேக்கலீங்க."

கீழே பூஜை மணி அடித்தது. சூடமும் சாம்பிராணியும் மாடிவரை வந்தன. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாம்பிராணிப் புகை என்று சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவரும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வண்டின்னு பூரணி சொன்னா."

"டிக்கெட்டுப் போட்டது பையனுங்க. நான் வர்றேன்னு இன்னும் சொல்லல."

"சொல்லாதீங்க" என்றேன். குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டேன். "உங்களை விட்டு என்னால இருக்க முடியல. நாலு மாசம் இருந்து பாத்துட்டேன்."

அவர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினார், உடனே அதைத் தேடினார். எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"நானும் இருந்து பாத்துட்டேனுங்க மேடம்" என்றார்.

"இன்னும் என்ன மேடம்?"

"வேற எப்பிடிக் கூப்புடறதுன்னு தெரியலீங்களே."

"நாளைக்குள்ள யோசிங்க. கழுவின டப்பாவை வாங்க வீட்டுக்கு வருவீங்கல்ல?"

"வெறும் டப்பாவாக் குடுக்கக் கூடாதுங்க" என்றார். முதன்முறையாகச் சிரித்தார்.

எவர்சில்வர் டப்பாவை மறுபடி நானே எடுத்துக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை அவர் பார்க்கவே எடுத்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. டப்பாவுக்கும் குக்கருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். இரண்டு பேருக்கு அரிசி ஊறுகிறது. உப்பு மட்டும் அவரே வந்து போடட்டும்.